வீட்டுக்குள்ள அடிக்கிற வெயில்: மஞ்சள், கார்போகரிசி, துத்தநாகம்

தஞ்சாவூர்ப் பக்கம் சன்ஸ்க்ரீன் பத்திப் பேச்செடுத்தா ரெண்டு பதில் தயாரா இருக்கும். ஒண்ணு, "நீ என்ன வயல்ல இறங்கி நாத்தா நடுறே? ஏசி ரூம்லதானே உக்காந்திருக்கே?" இன்னொண்ணு, "பாட்டி காலத்துல மஞ்சள்தான் பூசினாங்க, அவங்க மூஞ்சி என்ன கெட்டுப் போச்சு?" ரெண்டும் கிண்டலுக்குக் கேக்கற கேள்வி மாதிரி இருந்தாலும் ரெண்டுக்கும் பின்னால பெரிய சரித்திரம் இருக்கு. அதைத் தோண்டப் போய், வழியில ஒரு நல்ல ஆச்சரியமும் ஒரு கெட்ட ஆச்சரியமும் கிடைச்சுது. ரெண்டையும் சொல்றேன்.

முதல்ல வயல்ல நிக்கறவங்களைப் பார்ப்போம். டெல்டாவுல நடவு நடக்கும்போது பாருங்க. புடவைக்கு மேல ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில துண்டு, அதை இழுத்து கழுத்து வரைக்கும் கட்டியிருப்பாங்க. க்ரீம் கிடையாது, ஸ்நோ கிடையாது. ஆனா தோல் டாக்டர்கள் இன்னிக்கு முதல்ல சொல்றதும் அதேதான்: துணி, நிழல், அப்புறம்தான் க்ரீம். தஞ்சாவூர் இருக்கறது பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்தே முக்கால் டிகிரி. வருஷத்துல ரெண்டு தடவை, ஏப்ரல் மூணாவது வாரமும் ஆகஸ்ட் கடைசி வாரமும், நடுப்பகல் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல வந்துடும். (பெரிய கோயில் விமானத்தோட நிழல் தரையில விழாதுன்னு ஒரு கதை சுத்துதே, அது கதைதான். நிழல் நல்லாவே விழும். நடுப்பகல்ல சூரியன் உச்சியில இருக்கற அந்த ரெண்டு சமயத்துல எல்லாப் பொருளோட நிழலும் காலடியில சுருங்கிடும். அதுக்கு ராஜராஜன் தேவையில்லை.)

குடையோட சரித்திரமும் இங்க வரணும். சோழ ராஜாவுக்கு வெண்கொற்றக் குடை. அது நிழலுக்கு மட்டும் இல்ல, 'எனக்கு நிழல் உண்டு'ன்னு காட்டிக்கறதுக்கு. வயலுக்குச் சொந்தக்காரன் வீட்டுப் பெண் வெயில் படாம உள்ள இருந்தாள், வயல்ல வேலை செஞ்சவள் வெயில்ல இருந்தாள். வெயில் படாத தோல் உசத்தின்னு ஆனது அங்கிருந்துதான்னு நான் நினைக்கறேன். இதோட வால்தான் 1975ல ஹிந்துஸ்தான் லீவர் கொண்டுவந்த ஃபேர் அண்ட் லவ்லி. 2020ல பேரை மாத்தி க்ளோ அண்ட் லவ்லின்னாங்க. அதுல வெயில் தடுக்கற சரக்கும் இருந்துது, ஆனா விளம்பரம் வித்தது வெள்ளைத் தோலை. வெயிலைத் தடுக்கறதும் வெள்ளையாகறதும் ஒண்ணுன்னு நம்ம மண்டையில ஏறிப்போச்சு. ரெண்டும் வேற வேற. கறுப்பா இருக்கறவனுக்கும் தடுப்பு வேணும், கறுப்பாவே இருந்துக்கிட்டு.

சரி, மஞ்சள்.

பெரிய கோயில் கல்வெட்டுல சாமி குளியலுக்கு என்ன போட்டாங்கன்னு கணக்கு இருக்கு. திருமஞ்சன நீர்ல போட ஏலரிசி, சண்பக மொட்டு, இலாமிச்சை வேர். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பாத் சால்ட் :-) 'திருமஞ்சனம்'ங்கறதுல மஞ்சள் இருக்குன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. மஞ்சனம்னா குளியல், அவ்வளவுதான். வடமொழி 'மஜ்ஜன'த்துலேர்ந்து வந்தது. மஞ்சள் தனிக்கதை.

மஞ்சளோட நிறத்துக்குக் காரணமான குர்குமினை ஃபோகல், பெலெட்டியே என்கிற ரெண்டு பேர் 1815ல பிரிச்செடுத்தாங்க. அந்த வருஷம் தஞ்சாவூர்ல இரண்டாம் சரபோஜி ராஜா (1798 முதல் 1832 வரை). அவரும் சும்மா இல்ல. தன்வந்திரி மகால்னு வச்சு சித்தம், ஆயுர்வேதம், யுனானி, இங்கிலீஷ் வைத்தியம் எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தார். அங்க சேர்ந்த முறைகள் பின்னால 'சரபேந்திர வைத்திய முறைகள்'னு சரஸ்வதி மகால் நூலகம் வழியா புத்தகங்களா வந்தது. கண் நோயாளிகளுக்குப் படம் வரைஞ்சு கேஸ் ஷீட் எழுதி வச்ச ராஜா அவர். இன்னொரு பொருத்தமும் உண்டு. சரபோஜி பட்டத்துக்கு வந்து மூணாவது வருஷம், 1801ல, ஜெர்மனியில ஜெனா ஊர்ல யோஹான் ரிட்டர், வெள்ளி உப்பு தடவின காகிதம் ஊதா நிறத்துக்கு அந்தாண்டை, கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் ரொம்ப வேகமா கறுக்குதுன்னு பார்த்தார். புற ஊதாக் கதிர் அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. அதை ஏ, பி, சி-ன்னு வகை பிரிச்சது 1932ல, கோபன்ஹேகன்ல நடந்த ஒரு மாநாட்டுல.

இந்த ஏ, பி விஷயம்தான் வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு முக்கியம். யுவிபி தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும். ஜன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுசா நிறுத்திடும். யுவிஏ சுடாது, ஆழமா இறங்கும், சுருக்கமும் கருமையும் மெதுவா வரவைக்கும். சாதாரணக் கண்ணாடி வழியா அதுல பெரும்பங்கு உள்ள வந்துடும். 2012ல அமெரிக்க மருத்துவ இதழ் ஒண்ணுல ஒரு போட்டோ வந்துது: 28 வருஷம் வேன் ஓட்டின 69 வயசு டிரைவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் பத்து இருபது வயசு கூடின மாதிரி தொங்கிப்போய், வரிவரியா. அந்தாளு பூரா வேலையையும் 'உள்ள' உக்காந்துதான் செஞ்சார். நம்மூர் டிரைவர்னா வலது கன்னம்.

இதுல நம்ம பழைய வீடுங்களை யோசிச்சுப் பாருங்க. திண்ணை, ரேழி, முற்றம். ஜன்னல்ல கம்பி உண்டு, மரக் கதவு உண்டு, கண்ணாடி கிடையாது. மத்தியானம் கதவைச் சாத்தினா யுவிஏவும் காலி, யுவிபியும் காலி. 'வீட்டுக்குள்ளேதானே இருக்கோம்'ங்கற தைரியம் அந்த வீட்டுக்குச் சரி. சுவர் பூரா கண்ணாடி வச்ச ஐடி கட்டடத்துல ஜன்னல் சீட்டு பிடிச்சு எட்டு மணி நேரம் உக்கார்ற நமக்கு அது பொருந்தாது.

திரும்ப மஞ்சளுக்கு. குர்குமின் அதிகமா விழுங்கற ஒளி 425 நானோமீட்டர் பக்கம், அதாவது நீல வெளிச்சம். அதனாலதான் அது நம்ம கண்ணுக்கு மஞ்சளாத் தெரியுது. புற ஊதாவைக் கொஞ்சம் விழுங்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா வெளிச்சத்துல அது நிக்காது, உடைஞ்சுடும். இதுக்கு லேப் வேண்டாம். வெள்ளைச் சட்டையில சாம்பார் கொட்டினா அம்மா என்ன சொல்வாங்க? "துவைச்சு வெயில்ல போடு, மஞ்சக் கறை போயிடும்." போயிடும்தான். அதே வேலைதான் கன்னத்துலயும் நடக்கும். வெயில் பட்டா தானே அழிஞ்சுபோற ஒண்ணை வெயிலுக்குக் காவல் வைக்கறது எப்படி?

மஞ்சளுக்கு வேற பெருமை நிறைய உண்டு. புண்ணை ஆத்தறதுக்கு மஞ்சள்னு 1995ல மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா பேடன்ட் கொடுத்துது. மாஷேல்கர் தலைமையில சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்துப் போய், பழைய நூல் ஆதாரம் எல்லாம் காட்டி, 1997ல அதை ரத்து பண்ண வச்சாங்க. அது நியாயமான வெற்றி. ஆனா அந்தக் கேஸ் நடந்தது புண்ணுக்கு. வெயிலுக்கு இல்ல. ஒரு விஷயத்துல கெட்டிக்காரன்னு பேர் வாங்கினவனை எல்லா வேலைக்கும் கூப்பிடற பழக்கம் நமக்கு உண்டு.

இப்போ அந்தக் கெட்ட ஆச்சரியம். நலங்கு மாவு. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, சந்தனம்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு. கும்பகோணத்துலயோ தஞ்சாவூர்லயோ எந்த நாட்டு மருந்துக் கடையிலயும் சாமான் கிடைக்கும், மெஷின்ல கொடுத்து அரைச்சுக்கலாம். அந்தப் பட்டியல்ல பல வீட்டுல, பல கடையில, கார்போகரிசின்னு ஒண்ணு சேரும். சின்னதா கறுப்பா இருக்கற விதை. பேர்ல அரிசி இருக்கே தவிர நெல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. வடக்கே பாகுசி, பாவ்ச்சின்னு சொல்லுவாங்க.

இந்த விதையிலேர்ந்து 1933ல ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ்னு மூணு இந்திய வேதியியல்காரங்க ஒரு பொருளைப் பிரிச்சாங்க. அதுக்குப் பேர் சோராலென். அது என்ன செய்யும்? தோல்ல ஊறி, மேல யுவிஏ பட்டா, செல்லோட டி.என்.ஏ.வுல போய்க் கொக்கி மாட்டிக்கும். தோலை வெளிச்சத்துக்குப் பல மடங்கு கூச்சப்பட வைக்கும். வெண்புள்ளி வந்தவங்களுக்கு இந்த விதையைப் பூசி வெயில்ல உக்கார வைக்கற பழைய வைத்தியத்தோட ரகசியமே இதுதான்; நிறம் திரும்ப வரணும்னு வேணும்னே வெளிச்சத்தைக் கூட்டறாங்க. எகிப்துலயும் வேற ஒரு செடியை வச்சு இதே வைத்தியம் உண்டு. நவீன மருத்துவம் அதையே எடுத்து, சோராலென் கொடுத்து அளந்து யுவிஏ காட்டற சிகிச்சையா 1970கள்ல சோரியாசிஸுக்குக் கொண்டுவந்துது. டாக்டர் நிமிஷக் கணக்கு பார்த்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுச் செய்யற வேலை அது. தப்பினா கொப்புளம் வரும்.

அதாவது கார்போகரிசி சன்ஸ்க்ரீனுக்கு நேர் எதிர். அதுக்குப் பசி யுவிஏ மேல. அந்த யுவிஏதான் நம்ம ஆபீஸ் கண்ணாடி வழியா சௌகரியமா உள்ள வர்ற சாமான்!

பயமுறுத்த இதைச் சொல்லல. குளிக்கும்போது தேய்ச்சு உடனே கழுவற மாவுல கொஞ்சூண்டு இருக்கறதுக்கும், அதையே ஃபேஸ் பேக்னு அரை மணி நேரம் போட்டுக்கிட்டு ஜன்னல் ஓரமா உக்கார்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. நம்ம பாட்டிங்க விடிகாலையில குளிச்சாங்க, தேய்ச்சதும் கழுவினாங்க, உடம்புல பாதியைப் புடவை மூடியிருந்துது. முறை மாறினப்போ மாவு மட்டும் மாறாம வந்துடுச்சு. என் கருத்து: முகத்துக்கு அரைக்கறதா இருந்தா கார்போகரிசி இல்லாம அரைங்க. மாவுக்கு வாசனையும் குறையாது, நுரையும் குறையாது. எலுமிச்சம்பழச் சாறும் இதே ஜாதிதான். அதுலயும் இந்தக் குடும்பத்துப் பொருள் இருக்கு. முகத்துல பிழிஞ்சு தேய்ச்சுக்கிட்டு வெளியே போகாதீங்க. இப்போ 'இயற்கை ரெட்டினால்'னு விக்கற பாகுசியால் இதே விதையிலேர்ந்து வந்தாலும், சுத்தமாப் பிரிச்செடுத்தா அதுல சோராலென் இருக்காது. அந்த ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

கெட்டது முடிஞ்சுது, நல்லதுக்கு வருவோம். சன்ஸ்க்ரீன் ட்யூப்புல 'மினரல்', 'நேச்சுரல்'னு போட்டு விக்கறதுல முக்கால்வாசி என்ன? சிங்க் ஆக்சைடு. சிங்க்னா துத்தநாகம். இந்த வார்த்தையே ஊர் சுத்தின வார்த்தை. போர்த்துகீசியர் இதை டுட்டனாகான்னாங்க, கிழக்கிந்தியக் கம்பெனி சரக்குக் கணக்குல டூட்டனாக்னு எழுதினாங்க. முன்பாதி பாரசீகத்து 'துத்தியா'வோட ஒட்டினது. துத்தியான்னா என்ன தெரியுமா? சிங்க் ஆக்சைடேதான்! கனிமத்தைச் சூளையில வறுக்கும்போது மேல எழும்பற புகையைப் பிடிச்சுச் சுரண்டி எடுப்பாங்க, கண் மருந்துக்கு. 13ஆம் நூற்றாண்டுல மார்க்கோ போலோ பாரசீகத்துல ஒரு ஊர்ல இதைச் செய்யறதைப் பார்த்து எழுதி வச்சிருக்கார்.

துத்தநாக உலோகம் எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. 907 டிகிரியில ஆவியாயிடும், காத்து பட்டா திரும்ப வெள்ளைப் பொடி ஆயிடும். இதைக் காத்துப் படாம கீழ்நோக்கி வடிகட்டி எடுக்கற வித்தையைப் பெரிய தொழிலாவே செஞ்சது ராஜஸ்தான்ல உதய்ப்பூர் பக்கம் ஜாவர்ல. கத்திரிக்காய் மாதிரி மண் குடுவைகள் இன்னிக்கும் அங்க குவியலாக் கிடக்கு. ஐரோப்பாவுல வில்லியம் சாம்பியன் பிரிஸ்டல்ல இதுக்குப் பேடன்ட் வாங்கினது 1738ல. ஜாவர் அதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடி.

டெல்டாவுல சுரங்கம் கிடையாது. ஆனா சிங்க் ஆக்சைடு எப்பவும் காத்துல மிதந்துக்கிட்டிருக்கு. நாச்சியார்கோயில்ல குத்துவிளக்கு வார்க்கறாங்க. சுவாமிமலையில ஸ்தபதிகள் சிலைக்குச் செம்போட பித்தளையும் சேர்க்கறாங்க. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். உருக்கும்போது துத்தநாகம் ஆவியாகி, காத்தோட சேர்ந்து, பஞ்சு மாதிரி வெள்ளையா மேல எழும்பும். அதுதான் சிங்க் ஆக்சைடு. (மூச்சுல நிறையப் போனா ராத்திரி ஜுரம் வரும், பித்தளை வார்க்கறவங்க ஜுரம்னே அதுக்குப் பேர். தோல் மேல பூசறதுக்கும் மூச்சுல இழுக்கறதுக்கும் முடிச்சுப் போடாதீங்க. ஸ்ப்ரேயா வர்ற சன்ஸ்க்ரீனை மூஞ்சிக்கு நேரா அடிக்க வேண்டாம்னு சொல்றதுக்கும் மூச்சுதான் காரணம்.) தஞ்சாவூர் ஓவியத்துலயும் இது உண்டு. பலகையில துணி ஒட்டி, அதுமேல சாக்பவுடரோ துத்தநாக வெள்ளையோ பசையில குழைச்சுத் தடவி, வழுவழுன்னு தேய்ச்ச அப்புறம்தான் கிருஷ்ணர் வருவார்.

நம்ம தலைமுறை இதை முதல்ல பார்த்தது கிரிக்கெட்ல. ஆலன் டொனால்டு கன்னத்துலயும் மூக்குலயும் வெள்ளையா அப்பிக்கிட்டு ஓடி வருவாரே, அது சிங்க் க்ரீம். சுண்ணாம்பு தடவிட்டு வந்திருக்கான்னு நாங்க சிரிப்போம். 1990கள்ல அந்தத் துகளை ரொம்ப நுண்ணிசா ஆக்கக் கத்துக்கிட்டாங்க, வெள்ளை குறைஞ்சுது, ஆபீஸுக்குப் போட்டுக்கற மாதிரி ஆச்சு. அது கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிக்குதுன்னு விளம்பரத்துல சொல்றது பெரும்பாலும் கட்டுக்கதை. திருப்பறது சின்னப் பங்கு, மத்ததை விழுங்குது. இஞ்சினியரிங் படிச்சவங்களுக்குச் சொன்னா உடனே புரியும்: சிங்க் ஆக்சைடு ஒரு செமிகண்டக்டர், பேண்ட் கேப் 3.37 எலக்ட்ரான் வோல்ட். கணக்குப் போட்டா சுமார் 368 நானோமீட்டர். அதுக்குக் கீழே உள்ளதெல்லாம் அதுக்குத் தீனி, அதாவது யுவிபி முழுக்க, யுவிஏவுல பெரும்பகுதி. மஞ்சள் மாதிரி உடைஞ்சும் போகாது. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2019ல வெளியிட்ட வரைவுல, பாதுகாப்பானது, வேலை செய்யும்னு போதுமான ஆதாரம் இருக்கறதா ஏத்துக்கிட்டது ரெண்டே சரக்கு. ஒண்ணு சிங்க் ஆக்சைடு, இன்னொண்ணு டைட்டானியம் டைஆக்சைடு.

இயற்கைன்னு கேட்டீங்கன்னா, ட்யூப்புல இருக்கற துத்தநாகமும் தொழிற்சாலையில செஞ்சதுதான். அது பரவால்ல. அந்தப் பொடியைத் தனியா வாங்கி வீட்ல தேங்காய் எண்ணெய்ல கலக்கிக்கலாமேன்னு தோணும். வேண்டாம். கட்டி கட்டியா நிக்கும், ஒரு இடத்துல பத்து, பக்கத்துல பூஜ்யம். சீரா பரப்பறதுதான் அந்தத் தொழிலோட கஷ்டமே. தனித் தேங்காய் எண்ணெயோட தடுப்புச் சக்தி ரொம்பச் சொற்பம்.

கடைசியா ஒரு சமாச்சாரம், இது நம்ம நிறத்துக்காரங்களுக்கு. 2010ல டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனைக்காரங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. புற ஊதா இல்லாம, கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் மட்டும் பட்டாலே மாநிறத் தோலும் கறுப்புத் தோலும் கறுத்துது, வாரக் கணக்குல அப்படியே இருந்துது. வெள்ளைத் தோல்ல அது நடக்கல. நம்ம பெண்களுக்குக் கன்னத்துல வர்ற மங்கு சிங்க் மட்டும் போட்டா அடங்காததுக்கு இது ஒரு காரணம். இந்த வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாவும் வரும், சிங்க் ஆக்சைடு இதைச் சரியாத் தடுக்காது. தடுக்கறது இரும்பு ஆக்சைடு. இரும்பு ஆக்சைடுன்னா? காவி! கோயில் மதில்ல வெள்ளைக்கு நடுவுல கோடு போடற காவி, மாக்கோலத்துக்கு ஓரம் கட்டற காவி. லேசா நிறம் சேர்த்த சன்ஸ்க்ரீன்ல இருக்கறது அதே ரசாயனம்தான், சுத்தம் பண்ணினது. (சுவத்துக்கு வாங்கின காவியைக் கரைச்சு மூஞ்சியில பூசிக்காதீங்க சாமி.) வேர்க்குருவுக்குப் போடற கேலமைன் லோஷன் ரோஸ் நிறத்துல இருக்கே, அதுவும் சிங்க் ஆக்சைடுல துளி இரும்பு ஆக்சைடுதான். ஆனா அது தடுப்பு அளவு பார்த்துச் செஞ்சது இல்ல.

ஆக, நாள் பூரா உள்ள இருக்கறவங்க என்ன செய்யலாம்? ஜன்னலுக்கு ரெண்டு மூணு மீட்டர் தள்ளி, நேர் வெயில் விழாத இடத்துல உக்கார்றவங்களுக்கு முகத்துக்கு ஒண்ணுமே பெரிசாத் தேவைப்படாது. கம்ப்யூட்டர் திரை வெளிச்சத்துக்குன்னு தனி க்ரீம் விக்கறாங்க. சூரியனோட ஒப்பிட்டா திரை ஒரு மின்மினி. ஜன்னல் சீட்டுன்னா முதல்ல திரைச்சீலையை இழுங்க, அது ஓசி. பைக்ல பழைய பஸ் ஸ்டாண்டுலேர்ந்து மெடிக்கல் காலேஜ் ரோடு வரைக்கும் பத்து மணி வெயில்ல போறவங்களுக்கு அந்த இருபது நிமிஷம்தான் நாள் பூராவும் வாங்கற வெயில்ல பெரும்பங்கு. கிளம்பறதுக்கு முன்னாடி போடுங்க, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ரெண்டு விரல் நீளம். பட்டாணி அளவு எடுத்துத் தடவினா அட்டையில போட்டிருக்கற எஸ்.பி.எஃப். நமக்குக் கிடைக்காது. அந்த எண் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்த்து எழுதினது. அது யுவிபிக்கான கணக்குங்கறதால, யுவிஏவுக்குத் தனியா ஏதாவது குறிப்பு இருக்கான்னும் பாருங்க.

வாங்கும்போது முன்பக்கம் போட்டிருக்கற சந்தனக் கட்டையையும் மஞ்சள் கிழங்கையும் பார்க்காம ட்யூப்பைத் திருப்புங்க. சரக்குப் பட்டியல்ல சிங்க் ஆக்சைடு, இல்லேன்னா சி.ஐ. 77947னு இருக்கும். மங்கு இருக்கறவங்க கூடவே 77491, 77492, 77499ல ஏதாவது இருக்கான்னு தேடுங்க. சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடோட எண்கள் அது.